பேராசிரியருக்கு வாஷிங்டனில் என்ன வேலை? எட்வர்ட் ஸிக்லர் பற்றி

வாசகர் கேள்வி, 6 பிப்ரவரி 2024

உளவியல் பேராசிரியர்கள் ஆய்வுக்கூடத்தை விட்டுவிட்டு அரசாங்கக் கொள்கைக்குள் கால் வைத்தால் ஆராய்ச்சியும் கெடும், கொள்கையும் கெடும் என்பது என் கருத்து. யேல் பல்கலைக்கழக எட்வர்ட் ஸிக்லரையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க அரசின் பால்வாடித் திட்டமான ஹெட் ஸ்டார்ட்டின் தந்தை என்கிறார்கள். அதனால் ஏழைப் பிள்ளைகளின் ஐ.க்யூ. நிரந்தரமாக ஏறியதா? இல்லை. அமெரிக்காவுக்கே குழந்தைக் காப்பகச் சட்டம் கொண்டுவரப் போனார், அதுவும் விழுந்தது. பிறகு நாற்பது வருஷம் கமிட்டி, சாட்சியம், அறிக்கை. ஆராய்ச்சியோடு நின்றிருக்கலாமே? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

6 பிப்ரவரி, இரவு 11.10

ஐ.க்யூ. ஏறவில்லை என்பதைக் கொண்டுபோய் அவர் தலையில் கட்டுகிறீர்கள். ஏறும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள் என்று மல்லுக்கு நின்றவரே அவர்தான்.

1965. ஜனாதிபதி லிண்டன் ஜான்சனின் வறுமை ஒழிப்புப் போரை நடத்திக்கொண்டிருந்தவர் சார்ஜென்ட் ஷ்ரைவர். ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்பே அவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழந்தை மருத்துவர் ராபர்ட் குக் தலைமையில் ஒரு குழு போட்டார். 35 வயதுகூட நிரம்பாத ஸிக்லரும் அதில் இருந்தார். சின்னதாக ஆரம்பிப்போம், பலன் இருக்கிறதா என்று பார்ப்போம், அப்புறம் பெருக்குவோம் என்றார். ஷ்ரைவர் கேட்கவில்லை. அந்தக் கோடையிலேயே ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளோடு தொடங்கிவிட்டார். எட்டு வாரத் திட்டம். எட்டு வாரம் ஒரு நாலு வயதுப் பிள்ளையைக் கூட்டிவைத்துப் பாடம் சொன்னால், அம்மை ஊசி போட்டதுபோல அதன் பிறகு வறுமை அண்டாது என்று பத்திரிகைகள் எழுதின. அந்த ஊசிக் கதையை ஸிக்லர் கடைசிவரை எதிர்த்தார்.

திட்டத்தில் உண்மையில் இருந்தது வேறு. பல் பார்த்தார்கள், காது பார்த்தார்கள், தடுப்பூசி போட்டார்கள், சூடாகச் சோறு போட்டார்கள், அம்மாக்களை உள்ளே கூப்பிட்டு வேலையும் கொடுத்தார்கள். ஐ.க்யூ. என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட அளவுகோல். 1969ல் திட்டத்தை மதிப்பிட்ட வெஸ்டிங்ஹவுஸ் அறிக்கை, கோடைக்கால வகுப்புகளால் நிலைத்த பலன் இல்லை என்று சொன்னபோது, பல் சரியான பிள்ளைகள் கணக்கிலேயே வரவில்லை.

பணக் கணக்குதான் வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. ஹெட் ஸ்டார்ட்டில் போட்ட ஒவ்வொரு டாலருக்கும் ஏழு டாலர் திரும்பி வந்தது.

7 பிப்ரவரி, காலை

இன்று அவர் இறந்து ஐந்து வருஷம். 2019 பிப்ரவரி 7, வயது 88. நேற்று எழுதும்போது இது மனதில் இல்லை.

7 பிப்ரவரி, இரவு 9.45

"ஆராய்ச்சியோடு நின்றிருக்கலாமே" என்ற வரி ராத்திரி முழுக்க உறுத்தியது. அவருடைய ஆராய்ச்சி என்னவென்று தெரிந்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள்.

அவர் ஆரம்பத்தில் வேலை செய்தது மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளோடு. விடுதிகளில் வளர்ந்தவர்கள். அன்றைக்கு நிலவிய கொள்கை: இந்தப் பிள்ளைகளின் மூளை இறுகிப்போனது, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதே அவர்கள் இயல்பு. சோதனை என்ன தெரியுமா? ஒரு பெட்டியில் ஓட்டைகள். கோலிக்குண்டுகளை எடுத்து ஓட்டையில் போட வேண்டும். அவ்வளவுதான். வேறு யாராக இருந்தாலும் கொஞ்ச நேரத்தில் சலித்து எழுந்துவிடுவார்கள். விடுதிப் பிள்ளைகள் போட்டுக்கொண்டே இருப்பார்கள். பார்த்தீர்களா, இறுகிய மூளை என்றார்கள்.

ஸிக்லர் பார்த்தது கோலியை இல்லை. எதிரே உட்கார்ந்து, "நன்றாகப் போடுகிறாயே" என்று சொல்லும் பெரியவரை. விடுதியில் நாள் முழுக்க யாரும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. இங்கே ஒருவர் தனக்காகவே உட்கார்ந்திருக்கிறார். கோலி தீர்ந்தால் அவர் எழுந்து போய்விடுவார். அதனால் கோலி போடுவதை அந்தப் பிள்ளை நிறுத்தாது. மூளை இறுகவில்லை, மனிதர் முகத்துக்கு ஏங்குகிறது. இதே குறைபாடு இருந்தும் வீட்டில் வளர்ந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டு இதை நிறுவினார்.

இன்னொன்று 1968ல் பட்டர்ஃபீல்ட் என்பவரோடு செய்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு ஐ.க்யூ. சோதனையை வழக்கமான முறையில் ஒரு தடவை வைத்தார்கள். இன்னொரு தடவை, சுலபமான கேள்விகளை நடுநடுவே கொடுத்து, பிள்ளைக்குத் தைரியம் வரும்படி வைத்தார்கள். அதே பிள்ளை, மதிப்பெண் கூடியது. "தெரியாது" என்று பிள்ளை சொன்னதெல்லாம் தெரியாததால் இல்லை. புதிய ஆளிடம் இருந்து எப்படியாவது தப்பித்தால் போதும் என்றுதான். பால்வாடி வகுப்புக்குப் போய்வந்த பிறகு ஏறும் மதிப்பெண்ணும் பெரும்பாலும் அப்படித்தான்: மூளை வளர்ந்துவிடவில்லை, பயம் குறைந்திருக்கிறது.

இதைக் கண்டுபிடித்த மனிதர் எப்படி ஐ.க்யூ.வை வைத்துத் திட்டத்தை விற்பார்? விற்கவில்லை. பிள்ளை பள்ளிக்குப் போய் நாலு பேரோடு பழகி, ஆரோக்கியமாக, கற்கும் ஆசையோடு இருக்கிறதா என்று பாருங்கள் என்றார். ஆராய்ச்சி ஒரு பக்கம், கொள்கை ஒரு பக்கம் என்று அவருக்கு இரண்டு வாழ்க்கை இருக்கவில்லை.

8 பிப்ரவரி

திருத்தம். முதல் குறிப்பில் ஒரு டாலருக்கு ஏழு டாலர் என்று எழுதினேன். தப்பு. அது ஹெட் ஸ்டார்ட் கணக்கு இல்லை. மிச்சிகன் மாநிலம் இப்சிலாண்டியில் 1960களில் நடந்த பெர்ரி பாலர் பள்ளியின் கணக்கு. மொத்தமே 123 பிள்ளைகள், அதிலும் பள்ளிக்கு வந்தவர்கள் 58. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், வாரா வாரம் வீட்டுக்கே வந்து அம்மாவைப் பார்த்தார்கள். அவர்களை 27 வயதுவரை தொடர்ந்து பார்த்துப் போட்ட கணக்கு அது.

இந்தத் தப்பை எத்தனையோ எம்.பி.க்கள் மேடையில் செய்திருக்கிறார்கள். ஹெட் ஸ்டார்ட்டுக்குப் பணம் வாங்கித்தரும் தப்பு என்பதால் யாரும் திருத்துவதில்லை. திருத்தியவர் ஸிக்லர். அந்தப் பலன் இந்தத் திட்டத்துடையது இல்லை, அந்தத் தரம் நம்மிடம் இல்லை என்று தன் திட்டத்தின் காசு போனாலும் பரவாயில்லை என்று சொன்னார். அவரைப் பற்றி எழுதப்போய் நானே அதைச் செய்துவிட்டேன்.

9 பிப்ரவரி, இரவு

எனக்கு ஏன் இத்தனை கோபம் வருகிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்கிறேன்.

2000 ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். நவம்பரில் மகன் பிறந்தான். குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் 1993லிருந்து இருக்கிறதே, 12 வாரம் கிடைக்கும் என்று நிம்மதியாக இருந்தேன். ஹெச்.ஆர். அம்மா ஒரு தாளை நீட்டினார். ஒரே இடத்தில் 12 மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும், அந்த வருஷத்தில் 1,250 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், கம்பெனியில் 50 பேர் இருக்க வேண்டும். எனக்குப் பத்து மாதம்தான். சட்டம் எனக்கு இல்லை. உடம்பு சரியில்லாதவர்களுக்கான காப்பீட்டில் ஆறு வாரம் கிடைத்தது. பிள்ளை பெற்றது அங்கே நோய்க் கணக்கில் வரும்.

அம்மா அக்டோபரிலேயே வந்துவிட்டார். "பிள்ளை பெத்த உடம்புடி, நாப்பது நாள் பச்சத் தண்ணில கை வைக்காத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாற்பத்திமூன்றாம் நாள் நான் பனியில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். விசாவில் ஆறு மாத முத்திரை. ஏப்ரல் முதல் வாரம் அம்மாவை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்தோம். "நான் போயிட்டா இவன யாரு பாப்பா" என்பதைத் தவிர அன்று அவர் வேறு எதுவும் பேசவில்லை. அமெரிக்காவில் இருக்கிற எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அந்த நாட்டின் குடும்பக் கொள்கை என்பது ஊரிலிருந்து முறை வைத்து வரும் பாட்டிகள்தான். முதலில் பெண்ணின் அம்மா ஆறு மாதம், அப்புறம் மாமியார் ஆறு மாதம். என் மாமியாருக்கு முட்டி அறுவை சிகிச்சை. அந்த ஆறு மாதம் எங்களுக்கு இல்லை.

ஐந்து மாதப் பிள்ளை டே கேருக்குப் போனான். காலை ஏழரை முதல் மாலை ஐந்தரை வரை.

9 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

ஸிக்லருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பதற்கு முன் இதைச் சேர்த்துவிடுகிறேன். பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாத விடுப்பு, அதில் முதல் மூன்று மாதம் முக்கால் சம்பளம். 1985ல் யேலில் அவர் கூட்டிய குழு செய்த பரிந்துரை இது. அங்கிருந்து எட்டு வருஷம் நடந்து சட்டமாக வெளியே வந்தபோது 12 வாரம், சம்பளம் இல்லை, மேலே சொன்ன அத்தனை நிபந்தனை.

11 பிப்ரவரி

1971 பற்றி. "சட்டம் விழுந்தது" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள்.

1970ல் நிக்சன் அரசு அவரை வாஷிங்டனுக்குக் கூப்பிட்டது. குழந்தை வளர்ச்சி அலுவலகம் என்று புதிதாகத் தொடங்கி, அதன் முதல் இயக்குநர் பதவி. பழைய குழந்தைகள் நலப் பணியகமும் அவர் கீழே. ஹெட் ஸ்டார்ட்டும் அவர் கையில். போகும்போது நம்பிக்கையோடுதான் போனார். ஏனென்றால் பிள்ளையின் முதல் ஐந்து வருஷத்துக்கு இந்த நாடு பொறுப்பேற்க வேண்டும் என்று 1969ல் சொன்னது நிக்சனேதான்.

செனட்டில் வால்டர் மாண்டேல், கீழவையில் ஜான் பிரேடிமஸ் இருவரும் கொண்டுவந்த மசோதா, ஏழைக்கு இலவசமாகவும் நடுத்தரக் குடும்பத்துக்கு வருமானத்துக்கு ஏற்ற கட்டணத்திலும் நல்ல காப்பகம் கேட்டது. 200 கோடி டாலர். சண்டை வந்த இடம் நீங்கள் நினைக்கும் இடம் இல்லை. பணத்தை யார் கையில் கொடுப்பது என்பதில் வந்தது. மாநில அரசுகள் கையில் கொடு, இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கான சின்ன ஊர்களோடு நேரடியாகக் கணக்குப் பார்க்க முடியாது என்றது நிர்வாகம். 5,000 பேர் உள்ள ஊருக்கும் நேரடியாகக் கொடு என்றார்கள் கறுப்பின உரிமைகளுக்காகப் போராடிய வழக்கறிஞர் மேரியன் ரைட் எடல்மன் தரப்பினர். அவர்களுக்குக் காரணம் இருந்தது. மிசிசிப்பியில் கறுப்பினத் தாய்மார்கள் நடத்திய ஹெட் ஸ்டார்ட் பள்ளிகளை மாநில அரசியல்வாதிகள் என்ன பாடு படுத்தினார்கள் என்று அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். ஸிக்லர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஓடினார்.

முன்பெல்லாம் இதைப் படிக்கும்போது எடல்மன் தரப்பு கொஞ்சம் விட்டுக்கொடுத்திருந்தால் சட்டம் வந்திருக்குமே என்று வயிறு எரியும். இப்போது அப்படித் தோன்றவில்லை. அந்தத் தாய்மார்களின் இடத்தில் நான் இருந்தால், என் பிள்ளையை அதே மாநிலத்தின் கையில் கொடு என்று யாராவது சொன்னால் கேட்டிருப்பேனா?

இரண்டு அவையிலும் நிறைவேறியது. டிசம்பர் 1971ல் நிக்சன் வீட்டோ செய்தார். அது வெறும் நிராகரிப்பு இல்லை. குடும்பம் வளர்க்கும் முறைக்கு எதிராகக் கூட்டுமுறைப் பிள்ளை வளர்ப்பின் பக்கம் அரசின் தார்மீக பலத்தைச் சாய்க்கிறது இந்த மசோதா என்று எழுதினார்கள். அந்த உரையில் நிக்சனுக்கு உரை எழுதித்தரும் பேட் புக்கானனின் கை இருந்தது. நிக்சன் சீனாவுக்குப் போகப்போவதாக அறிவித்து வலதுசாரிகளின் கோபத்தைச் சம்பாதித்திருந்த நேரம் அது. அவர்களைச் சமாதானப்படுத்த ஏதாவது கொடுக்க வேண்டும். கொடுத்தது பிள்ளைகளை. வீட்டோவை மீறிச் செல்ல மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு செனட்டில் கிடைக்கவில்லை.

பணம் அதிகம் என்று காரணம் சொல்லியிருந்தால் அடுத்த வருஷம் குறைத்துக்கொண்டு திரும்ப வந்திருக்கலாம். குடும்பத்தை உடைக்கும் சட்டம் என்று முத்திரை குத்திவிட்டால், எந்த எம்.பி. அதைத் தொடுவான்? 1972ல் ஸிக்லர் யேலுக்குத் திரும்பினார்.

12 பிப்ரவரி

மேலே சொன்னதன் வால். 1975ல் மாண்டேலும் பிரேடிமஸும் இன்னொரு மசோதா கொண்டுவந்தார்கள். அப்போது யார் எழுதியது என்றே தெரியாத ஒரு துண்டுத்தாள் நாடு முழுக்கச் சுற்றியது. குப்பையை வெளியே வைக்கச் சொன்னால் பிள்ளை தன் பெற்றோர் மேல் கேஸ் போடலாம், பிள்ளைகள் இனி அரசாங்கத்தின் சொத்து என்றெல்லாம். மசோதாவில் அப்படி ஒரு எழுத்துகூட இல்லை. எம்.பி. அலுவலகங்களில் கடிதம் மூட்டை மூட்டையாகக் குவிந்தது. வாட்ஸ்அப் ஃபார்வர்ட் என்பது நம் காலத்து வியாதி என்று நினைத்திருந்தேன். ஜெராக்ஸிலேயே அதைச் செய்திருக்கிறார்கள்.

13 பிப்ரவரி, மதியம்

"யேலில் அவர் மையத்துக்கே புஷ் பெயர்தான், அப்புறம் என்ன நடுநிலை" என்று ஒருவர். அது வேறு புஷ். மினசோட்டாவில் செயின்ட் பால் நகரத்து புஷ் அறக்கட்டளை, 3எம் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்த ஆர்ச்சிபால்ட் புஷ்ஷின் பணம். 1978ல் தொடங்கிய மையம், 2005ல் ஸிக்லர் பெயருக்கு மாறியது. ஜனாதிபதி புஷ் இந்தக் கதையில் வருவது வேறு இடத்தில்: விடுப்புச் சட்டத்தை 1990லும் 1992லும் இரண்டு தடவை வீட்டோ செய்தவர் அவர். 1993 பிப்ரவரி 5ல், பதவியேற்ற சில நாளில் கிளின்டன் கையெழுத்திட்ட முதல் சட்டம் அதுதான்.

15 பிப்ரவரி, இரவு 12.20

தூக்கம் வரவில்லை. உளவியலாளர் ஜே பெல்ஸ்கி பற்றிக் கேட்டிருந்தீர்கள். டே கேரைக் கெட்டது என்று சொன்ன ஆள்தானே, ஸிக்லரும் அந்தக் கூட்டமா என்று.

2001 ஏப்ரல். மகன் டே கேருக்குப் போக ஆரம்பித்து மூன்றாவது வாரமோ என்னவோ. ஆபீஸ் சாப்பாட்டு மேஜையில் யாரோ விட்டுப்போன செய்தித்தாள். வாரம் 30 மணி நேரத்துக்கு மேல் அம்மா அல்லாதவர்களிடம் வளரும் பிள்ளைகளில் 17 சதவீதம் பேர் பள்ளிக்குப் போகும் வயதில் முரட்டுத்தனம், 10 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தவர்களில் 6 சதவீதம் மட்டும். சொன்னவர் பெல்ஸ்கி. என் மகனுக்கு வாரம் 50 மணி நேரம். டிபன் பாக்ஸை மூடிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு போனேன்.

டே கேர் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதன் வழியாகப் பார்த்தேன். அவனைப் பார்த்துக்கொள்ளும் டீச்சர், அறுபதை நெருங்கிய கறுப்பினப் பெண்மணி, தரையில் சுவரோடு சாய்ந்து இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்திருந்தார். நீட்டிய கால்கள் மேல் என் பிள்ளை மல்லாந்து கிடந்தான். என் அம்மா எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது போட்டுக்கொள்வாரே, அதே மாதிரி. காலை மெல்ல ஆட்டிக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போகவில்லை. ஆபீஸுக்குத் திரும்பிவிட்டேன். சாயந்திரம் வழக்கமான தாளைக் கையில் கொடுத்தார்: 10.15 பால் 4 அவுன்ஸ், 11.00 தூக்கம் 40 நிமிடம், 12.30 டயப்பர், 12.45 நிறையப் பேசினோம்.

பல வருஷம் பெல்ஸ்கி பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். பிறகு உட்கார்ந்து படித்தேன். 1978ல் ஸ்டைன்பர்க் என்ற ஆய்வாளரோடு அவர் எழுதிய முதல் ஆய்வுத் தொகுப்பு டே கேரால் பெரிய கெடுதல் தெரியவில்லை என்றுதான் சொன்னது. 1986ல், புதிய ஆய்வுகளைப் பார்த்தபின், முதல் வருஷத்திலேயே வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் என்றால் கவலைப்பட இடமிருக்கிறது என்று எழுதினார். சக ஆய்வாளர்கள் பாய்ந்தார்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கு எதிரி என்ற பெயர் வந்தது. அந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் பத்து இடங்களில் 1,364 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடரும் பெரிய அரசு ஆய்வு 1991ல் தொடங்கியது. பெல்ஸ்கியும் அதில் ஒரு ஆய்வாளர், அவரை எதிர்த்தவர்களும் அதில் ஆய்வாளர்கள். அந்த 17 சதவீதம் வந்தது இதிலிருந்துதான்.

அன்று செய்தித்தாள் சொல்லாதது: எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்து எடுத்தாலும் அந்த அளவுகோலில் ஏறக்குறைய அதே விகிதம்தான் வரும். நோய் இல்லை, இயல்பான எல்லைக்குள் இருப்பது. இன்னொன்று, அதே ஆய்வில் தரமான காப்பகத்துப் பிள்ளைகளுக்குச் சொல்வளம் கூடியிருந்தது. பெல்ஸ்கி இதிலிருந்து எடுத்த கொள்கை முடிவும் "வீட்டுக்குப் போ பெண்ணே" என்பது இல்லை. நீண்ட விடுப்பு கொடு, முடிந்தால் சம்பளத்தோடு கொடு. ஸிக்லர் குழு 1985ல் கேட்ட அதேதான். எதிர்த் தரப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஆள் என் பக்கத்தில்தான் நின்றிருக்கிறார்.

ஸிக்லர் கெடுதல் கட்சியும் இல்லை, பரவாயில்லை கட்சியும் இல்லை. எந்தக் காப்பகம், எத்தனை பிள்ளைக்கு எத்தனை பேர், பார்த்துக்கொள்கிறவர் ஆறு மாதத்தில் வேலையை விட்டுப் போகிறாரா, அதைச் சொல்லுங்கள் என்பார்.

16 பிப்ரவரி

அந்த டீச்சரைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. தொட்டில்களுக்கு மேலே சுவரில் அவருடைய சான்றிதழ் ஒன்று கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். சி.டி.ஏ., சைல்ட் டெவலப்மென்ட் அசோசியேட். கல்லூரிக்குப் போகாத, ஆனால் பிள்ளை பார்க்கத் தெரிந்த பெண்களுக்கானது. பரீட்சை எழுதினால் மட்டும் கிடைக்காது. வேலை பார்க்கும்போது ஒருவர் பக்கத்தில் இருந்து கவனித்து, இவருக்குத் தெரிகிறது என்று சொல்ல வேண்டும். இரண்டு வருஷம் அந்தச் சான்றிதழைத் தினமும் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். அது ஸிக்லர் வாஷிங்டனில் இருந்த அந்தச் சொற்ப காலத்தில் தொடங்கிவைத்தது என்று எனக்குத் தெரிந்தது மகன் ஹைஸ்கூல் போன பிறகு.

சட்டம் விழுந்தது, ஆமாம். அதே மேஜையிலிருந்து இதுவும் வெளியே வந்தது.

18 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, ஆறு மாதம் கேட்டவர் சம்பளமில்லாத 12 வாரத்துக்கு ஏன் தலையாட்டினார், அது தோல்விதானே என்கிறார். இதற்கு என்னிடம் பதில் இரண்டு தடவை மாறிவிட்டது.

2000ல் கேட்டிருந்தால் துரோகம் என்றிருப்பேன். பாதிக்கும் குறைவாக வாங்கிக்கொண்டு வெற்றி என்று கைதட்டினார்கள், அந்த ஓட்டையில் விழுந்தவள் நான். சம்பளமில்லாத லீவு யாரால் எடுக்க முடியும்? வசதியுள்ளவர்களால். ஹெட் ஸ்டார்ட் பிள்ளைகளின் அம்மாக்களால் எடுக்க முடியாது.

பிறகு வேறு மாதிரி தோன்றியது. ஸிக்லர் கைதட்டியவர் இல்லை. சட்டம் வந்த பிறகும் 12 வாரம் போதாது, சம்பளம் வேண்டும் என்று எழுதிக்கொண்டேதான் இருந்தார். மற்றதற்கும் அப்படித்தான். நாலு வயதில் தொடங்குவது தாமதம் என்று சொல்லிக்கொண்டே இருந்து, 1990களின் நடுவில் கர்ப்பிணிகளுக்கும் மூன்று வயது வரையான குழந்தைகளுக்கும் எர்லி ஹெட் ஸ்டார்ட் வந்தது. காப்பகம் நாடு முழுக்கக் கிடைக்கவில்லையா, ஏற்கெனவே ஊர் ஊராக இருக்கிற பள்ளிக்கூடக் கட்டடங்களிலேயே நடத்துங்கள் என்று 1980களின் இறுதியில் ஒரு வழி சொன்னார். முதலில் நடந்த இடங்களில் ஒன்று மிசௌரி மாநிலத்து இண்டிபென்டன்ஸ், அவர் பிறந்த கன்சாஸ் சிட்டிக்குப் பக்கத்து ஊர். போலந்திலிருந்து வந்த ஏழைப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளை அவர். கன்சாஸ் சிட்டியில் குடியேறிகளுக்கு உதவும் ஒரு சமூக இல்லத்தில்தான் அவர் குடும்பத்துக்குச் சாப்பாடும் மருந்தும் ஆங்கிலமும் கிடைத்தன.

2009ல், 79 வயதில், இரண்டு பேரோடு சேர்ந்து அமெரிக்காவின் குழந்தைப் பராமரிப்பு ஒரு துயரக் கதை என்று தலைப்பிலேயே சொல்லும் புத்தகத்தை எழுதினார். 1971ஐ அவரால் மறக்க முடியவில்லை.

இப்போது எனக்குத் தோன்றுவது: 12 வாரத்தை வாங்கிக்கொண்டது சரி. அது எனக்குக் கிடைக்காமல் போனதும் அநியாயம். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள எனக்கு இருபது வருஷம் ஆகியிருக்கிறது.

18 பிப்ரவரி, இன்னும் கொஞ்சம்

ஒரு விஷயத்தில் கேள்வி கேட்டவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அரை மில்லியன் பிள்ளைகளோடு தொடங்காதீர்கள் என்று சொன்னவர், தொடங்கிய பிறகு வெளியேறவில்லை. தரம் குறைந்த மையங்களைப் பற்றி வெளிப்படையாகவே பேசினார், ஆனால் முதலிலேயே அழுத்திப் பிடித்திருந்தால்? 2010ல் வந்த பெரிய ஆய்விலும் முதல் வகுப்பு முடிவதற்குள் மதிப்பெண் வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. எனக்கு அது திட்டத்தைவிட, அதன் பிறகு அந்தப் பிள்ளைகள் போகும் பள்ளிக்கூடங்களைப் பற்றிய செய்தியாகப் படுகிறது. உங்களுக்கு அப்படிப் படவில்லை என்றால் சண்டை போட மாட்டேன்.

21 பிப்ரவரி

டீச்சரின் பெயரைக் கேட்டிருந்தீர்கள். அவரைக் கேட்காமல் எழுத மாட்டேன், கேட்க இப்போது வழியும் இல்லை. பரணில் அந்த டே கேர் தாள்கள் ஒரு ஷூ பெட்டி நிறைய இருக்கின்றன, நேற்று இறக்கினேன். பென்சிலில் எழுதியது பாதி அழிந்துவிட்டது. மகனுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன், 23 வயது, "4 அவுன்ஸ்தானா" என்று பதில் போட்டிருக்கிறான். சான்றிதழில் இருந்த வருஷம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது: 1983.